கிட்டாரின் தலையெழுத்து

பழைய பொருளை வாங்குவதில் நம்மவர் ஒரு விசித்திரமான ஆசாரத்தைக் கையாளுகின்றனர். பழைய மோட்டார் வண்டியை வாங்க ஒருவரும் கூசுவதில்லை. அதில் முன்பு யார் ஏறினார், எந்தச் சாதியார் ஏறினார், ஏறினவர் இன்று உயிரோடிருக்கிறாரா என்று விசாரிப்பாருமில்லை. பழைய வீட்டை வாங்குகின்றனர். அடகுக் கடையில் மூழ்கிப்போன நகையை ஏலத்தில் எடுத்துக் கழுத்திலே பூட்டிக்கொள்கின்றனர். ஆனால் பழைய கட்டில், பழைய துணி, பழைய வாத்தியம் என்றாலோ முகம் சுளிக்கிறது. "யார் வீட்டுப் பொருளோ, என்ன தோஷமோ" என்னும் பேச்சு எழுகிறது. விலை உயர்ந்த பொருளுக்குத் தோஷமில்லை, விலை குறைந்ததற்கே தோஷம் என்பது இந்தச் சாஸ்திரத்தின் சாரம் போலும்!

இக்கட்டுரை ஒரு பழைய கிட்டாரைப் பற்றியது. இலக்கியப் பகுதியில் கிட்டாருக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் உள்ள நம் இளைஞர் பலர் கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் வாசித்து நாலு காசு காண்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது, வீட்டுத் திண்ணையில் மரக்கிட்டாராக இருந்து, மண்டபத்தில் கம்பியைச் செருகியவுடன் ஒலிபெருக்கியிலும் பேசக்கூடிய கருவி. அதில் நல்லதொன்றைப் புதிதாக வாங்க ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம் போதாது. 2022-இல் 1,500 வெள்ளியாக்கப்பட்ட இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல்தான் 1,700 வெள்ளியாயிற்று. அரிசியும் பாலும் பள்ளிக்கூட வண்டிக் கட்டணமும் போக அதில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பழையதே கதி. பழையதை வாங்குவதில் கூச்சம் என்ன இருக்கிறது?

கூச்சம் வேண்டாம், அறிவு வேண்டும். இக்கருவியின் உடற்கூற்றை அறியாமல் இதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்பது நம் கட்சி.

மரக்கிட்டாரில் தந்தி அதிர, அவ்வதிர்ச்சி குதிரை வழியாக முகப்பலகைக்கு இறங்கி, பலகை காற்றைத் தள்ள, ஓசை பிறக்கிறது. ஐந்நூறு பேர் கூடிச் சோறுண்ணும் மண்டபத்தில் இவ்வோசை மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஒலிவாங்கியை முன்னே நிறுத்தினாலோ வாசிப்பவன் சிலைபோல் அசையாமல் நிற்க வேண்டும். இதற்கு வழிதேடிய அமெரிக்காவின் கிப்சன் கம்பெனியார் 1954-ஆம் ஆண்டில் ஜே-160இ என்னும் பெயரில், கழுத்து முடியுமிடத்தில் காந்தச் சுருள் பதித்த மரக்கிட்டாரொன்றை வெளியிட்டனர். காந்தமோ இரும்புத் தந்தியின் அசைவை அறியுமேயன்றி மரத்தின் குரலை அறியாது. பின்வந்தோர் வேறு வழி கண்டனர். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-இலேயே பிரான்சு தேசத்தில் கியூரி சகோதரர் இருவர் கண்டறிந்திருந்தனர். அவ்விருவரில் இளையவரே பிற்காலத்தில் மேரி கியூரி அம்மையாரை மணந்தவர். அத்தகைய பொருளொன்றை, தந்திகள் ஏறி நிற்கும் வெண்பட்டையின் அடியில் மெல்லிய துண்டாக வைத்தால், தந்தியின் அதிர்ச்சி மின்சாரமாக மாறுகிறது. அது மிக மெலிந்த மின்சாரமாதலால், கிட்டாரின் விலாவில் சிறு பெட்டியொன்றைப் பொருத்தி, ஒன்பது வோல்ட் பாட்டரியின் உதவியால் அதற்கு வலுவூட்டுவர். 1966-இல் ஓவேஷன் என்னும் கிட்டாரைத் தொடங்கிய சார்லஸ் காமன், ஹெலிகாப்டர் செய்யும் பொறியாளர். அவர் கிட்டாரின் முதுகைப் பலகையை விட்டு வளைந்த செயற்கைப் பொருளால் செய்ய, சங்கீத உலகம் முதலில் சிரித்தது. பிறகு மேடைதோறும் அதைத் தூக்கிக்கொண்டு நின்றது. பரம்பரைத் தச்சர் அல்லாதவரும் வாத்தியம் செய்யலாம் என்பதற்கு இது ஒரு நல்ல சாட்சி.

இனி, பார்க்கும் விதம். பழைய கிட்டாரை வாங்கப் போகிறவர் எடுத்தவுடன் வாசிக்கக் கூடாது. வாசித்தால் மனம் மயங்கும்; மயங்கிய மனம் குற்றம் காணாது. முதலில் தலைப்பக்கமிருந்து கண்ணைக் கழுத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், நடுவே ஏழாவது மெட்டில் ஒரு தடித்த காகிதம் நுழையுமளவு இடைவெளி தெரிய வேண்டும். அதற்கு மேற்பட்டால் கழுத்து வளைந்திருக்கிறது. அதனுள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகினால் பெரும்பாலும் சரியாகும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கழுத்து நேராயிருந்தும் பன்னிரண்டாவது மெட்டில் தந்தி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறதா, குதிரைமேல் உள்ள வெண்பட்டையோ முன்பே அராவப்பட்டுக் கிடக்கிறதா, அப்பொழுது எழுந்து வந்துவிட வேண்டும். கழுத்தும் உடலும் கூடும் கோணமே சாய்ந்துவிட்டது என்பது பொருள். அதைக் கழற்றிப் பொருத்தும் கூலி பல சமயம் கிட்டாரின் விலையை விழுங்கிவிடும்.

குதிரையின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்க்க வேண்டும். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. ஒலித்துளையின் விளிம்பை உற்றுநோக்க வேண்டும். முகப்பில் தெரியும் மர ரேகைகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே பலகை. தோசைமேல் தோசையாக அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. நம் நாட்டில் இச்சோதனைகள் இன்னும் அவசியம். கிட்டார் செய்யும் தொழிற்கூடங்களில் காற்றின் ஈரத்தை நூற்றுக்கு நாற்பத்தைந்து ஐம்பது என்று காத்துவைக்கின்றனர். நம் காற்றின் ஈரமோ பெரும்பாலும் எண்பதுக்குக் குறைவதில்லை. மரம் உண்ட ஈரத்தால் வயிறு உப்பும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பகல் கிடந்தாலோ பசை இளகும்.

மின்பெட்டியைச் சோதிக்க, கம்பியும் புதிய பாட்டரியும் நாமே கொண்டுபோக வேண்டும். "பாட்டரி இல்லை, மற்றபடி நன்றாகப் பேசும்" என்பது விற்பவர் பலர் சொல்லும் மங்கள வாழ்த்து. பாட்டரிக் குழியைத் திறந்தவுடன் பச்சை பூத்திருந்தால் பழைய பாட்டரி கசிந்து செம்பை அரித்திருக்கிறது. ஆறு தந்தியையும் தனித்தனியே மீட்டி ஆறும் ஒரே அளவாகப் பேசுகின்றனவா என்று கேட்க வேண்டும். திருகுகளைத் திருப்பும்போது கரகரவென்றால் தூசிதான். அதற்குப் பத்து வெள்ளி குறைக்கலாமே தவிர நூறு வெள்ளி குறைக்கக் கேட்பது அநியாயம். இன்னொன்று: செருகிய கம்பியைப் பிடுங்காமல் விட்டால் வாசிக்காவிட்டாலும் பாட்டரி தீரும், ஏனெனில் கம்பியைச் செருகுவதே அதற்குச் சுவிட்சு.

தலையைப் பற்றிக் கடைசியில் சொல்லுகிறோம். ஏனெனில் மற்றவரெல்லாம் தலையைத்தான் முதலில் பார்க்கின்றனர். கம்பெனியின் பெயர் எழுதப்பட்டிருக்கும் இடம் அது. சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒருவர், பேர்பெற்ற அமெரிக்கப் பெயர் பொறித்த கிட்டாரொன்றை நம்மிடம் காட்டி ஆறாயிரம் வெள்ளி கேட்டார். உள்ளே விளக்கடித்துப் பார்த்தோம். விறகுக்கு அறுத்ததுபோன்ற சட்டங்கள், பசை வழிந்த மூலைகள். ஒலித்துளையின் விளிம்பில் மூன்று அடுக்கு. பெயர் மட்டும் முத்துச் சிப்பியில் பளபளத்தது. "தலையில் எழுதியிருக்கிறதே" என்றார் அவர். தலையெழுத்தை நம்பி ஏமாறும் பழக்கம் நம் இனத்தாருக்குப் புதிதல்லவே! பிறந்த சாதியைக் கேட்டு மனிதனை எடைபோடுகிறவர், தலையிலுள்ள பெயரைப் படித்துக் கிட்டாரை எடைபோடுவதில் என்ன வியப்பு? கழுத்தைப் பார், வயிற்றைப் பார், குரலைக் கேள் என்றால் அவருக்கு அது பெரிய சிரமமாயிருக்கிறது.

மரத்தின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தால் வேறொரு வேடிக்கையும் உண்டு. பெயர்பெற்ற மார்ட்டின் கம்பெனியார் முதுகுக்கும் விலாவுக்கும் பிரேசில் தேசத்து ஈட்டி வகையைப் பயன்படுத்தி வந்தனர். 1960-களின் இறுதியில் அம்மரம் கட்டையாகக் கிடைப்பது அரிதாகவே இந்திய ஈட்டி மரத்துக்கு மாறினர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் அதே ஈட்டி மரந்தான். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியதுபோல் அந்த மரமும் ஒரு நாள் கப்பலேறி, அமெரிக்காவில் உருமாறி, கிள்ளானில் யாரோ ஒரு வீட்டுக் கட்டிலடியில் வந்து கிடக்கிறது. மரத்துக்காவது மதிப்புக் கூடிற்று.

கிள்ளான் என்றவுடன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

2023-ஆம் ஆண்டின் இறுதியில், நம் தோட்டத்துச் செம்பனை அறுவடையாளர் ஒருவரின் மகன், இருபத்திரண்டு வயதினன், கைப்பேசியில் கண்ட விளம்பரமொன்றை நம்மிடம் கொண்டுவந்து காட்டினான். தகமினே என்னும் ஜப்பானியக் கிட்டார். விலை நானூறு வெள்ளி. அவன் ஓர் இசைக்குழுவில் வாசிக்கிறவன். சொந்தக் கிட்டார் இல்லாமையால் ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஐம்பது வெள்ளி வாடகை கொடுத்து இரவல் வாங்குவான். கிடைக்கும் நூற்றைம்பதில் மூன்றிலொரு பங்கு அதற்கே போய்விடும். அறுநூறு வெள்ளி சேர்த்துவைத்திருந்தான். விளம்பரத்தில் "அமரர் வைத்திருந்தது" என்று ஒரு வாசகம் இருந்தது. அதைப் படித்த அவன் தாயார், செத்தவர் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாதென்று தடுத்திருக்கிறார். "செத்தவர் கட்டின வீட்டில்தானே அம்மா இருக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு அவன் வந்துவிட்டான். அவ்விடையைக் கேட்டு நாம் மிக மகிழ்ந்தோம். கூடவே புறப்பட்டோம்.

வீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் இருந்தார். கணவர் மறைந்து நான்கு மாதம். 1990-களில் அவரும் கலியாண வீடுகளில் வாசித்தவராம். பதினாறாம் நாள் கருமாதி முடிந்த கையோடு, உறவினர் பெரியவர் ஒருவர், இறந்தவர் ஆசையாகத் தொட்ட பொருள் வீட்டிலிருந்தால் ஆவி சாந்தியடையாது, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு, விற்காவிட்டால் ஆற்றில் விடு என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர், இறந்தவரின் வண்டியை ஆற்றில் விடச் சொல்லவில்லை. தம் மகனுக்கு வாங்கிக்கொண்டார் என்பதையும் அம்மையாரே கள்ளமின்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண் படமெடுத்து விளம்பரம் போட்டுக் கொடுத்தாள். நானூறு என்பது அவளும் அவரும் குத்துமதிப்பாக வைத்த விலை.

பெட்டியைத் திறந்தோம். கழுத்து நேர். தந்தி சரியான உயரம். முகப்பு ஒரே பலகை. குதிரையடியில் காகிதம் நுழையவில்லை. உட்புறம் விளக்கடித்தபோது, குதிரைக்குக் கீழே தந்திக்கொன்றாக ஆறு உணர்கருவிகள் வரிசையாய்ப் பதிந்திருந்தன. அக்கம்பெனியார் தம் ஜப்பானிய வேலைப்பாட்டில் கையாளும் முறை அது. பாட்டரியைக்கூட யாரோ கழற்றி வைத்திருந்தனர். நோய்வாய்ப்படுமுன் அவரே கழற்றியிருப்பார். அத்தகைய மனிதர் எத்தகையவராயிருந்திருப்பார் என்று எண்ணினோம். நாம் கொண்டுபோன பாட்டரியைப் போட்டுத் தம்பி மீட்டினான். ஆறு தந்தியும் ஒரே அளவாய்ப் பேசின. சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த அம்மையாரின் கரண்டி ஓசை நின்றது.

பழையதாயினும் இரண்டாயிரம் வெள்ளிக்குக் குறையாத கிட்டார் என்பது நமக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது, அவன் நம்மைப் பார்க்கவில்லை.

அம்மையார் தேநீரோடு வந்தார். நம்மை நோக்கி, "தம்பி, நீங்க விவரம் தெரிஞ்சவங்களா இருக்கீங்க. நானூறு அதிகமா? பிள்ளைகிட்ட அநியாயமா வாங்கிறக் கூடாது" என்றார்.

அவர் கேட்காதிருந்தால் வேறு கதை என்று வாதிப்பாருண்டு. சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும் ஆங்கிலேயரின் பழைய கொள்கையையே அடியொற்றியது: வாங்குபவன் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கட்டும். விற்பவனுக்கு அவன் பொருளின் மதிப்பை எடுத்துரைக்கும் கடமையை எந்தச் சட்டமும் வாங்குபவன் தலையில் வைக்கவில்லை. இதில் புகழ்பெற்ற வழக்கொன்றுண்டு. 1815-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில், இங்கிலாந்தோடு சமாதானம் ஆகிவிட்டது என்னும் செய்தியை விடியற்காலையில் ரகசியமாய் அறிந்த வியாபாரி ஒருவர், அதை அறியாத கம்பெனியாரிடம் ஏராளமான புகையிலையை மலிவாக வாங்கினார். விலையைப் பாதிக்கும் செய்தி ஏதேனும் உண்டா என்று அவர்கள் கேட்டுமிருந்தனர். செய்தி பரவியதும் புகையிலையின் விலை ஏறிற்று. 1817-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மார்ஷல், தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வாங்குபவர் கடமைப்பட்டவரல்லர் என்றே கூறினார். கூடவே, ஏமாற்றும்படியான சொல்லோ செயலோ கூடாது என்றும் எச்சரித்தார். அவ்விரண்டுக்கும் இடையே உள்ள சந்து எவ்வளவு குறுகியது! "அதிகமில்லை அம்மா" என்று நாம் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. நானூறு அதிகமில்லைதானே!

வள்ளுவர் இதை நீதிமன்றத்துக்கு விடவில்லை. வணிகருக்குரிய நெறியை, பிறர் பொருளையும் தன்னுடையதைப்போல் எண்ணிப் பேணுவதென்று, நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தார். அதை விற்பவனுக்கு மட்டும் சொன்னதாக வியாபாரிகள் சிலர் பொருள் கொள்வதுண்டு. வாங்குகிறவனும் வாணிகந்தானே செய்கிறான்? கிட்டார் நம்முடையதாயிருந்தால் நானூறுக்குக் கொடுப்போமா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும்.

நாம் அம்மையாரிடம், "அதிகமில்லை அம்மா, மிகக் குறைவு. பொறுமையாக விற்றால் ஆயிரத்தெண்ணூறு, இரண்டாயிரம் வரும்" என்றோம். அவர் நம்பவில்லை. மற்ற விளம்பரங்களைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாமலிருந்தார். பின், ஆஸ்பத்திரிக் கடன் இன்னும் மூவாயிரம் சொச்சம் இருக்கிறதென்று, நமக்கல்ல, சுவரிலிருந்த படத்துக்குச் சொல்வதுபோல் சொன்னார். தம்பிக்கு ஆயிரத்தைந்நூறுக்குத் தருவதாகச் சொன்னார். அவனிடம் அறுநூறுதான் இருந்தது. தவணைக்கு அவரால் இயலவில்லை. கடன்காரர் தவணைக்கு அவரை விடவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

வழியில் அவன் பேசியதை அப்படியே எழுதுகிறோம். "அண்ணே, நான் அவங்களை ஏமாத்தலே. அவங்க சொன்ன விலையைக் கொடுக்கத்தான் போனேன். அவங்களுக்கும் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும். நீங்க கிராணி, உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம். நியாயம் பேச உங்களுக்கு வசதி இருக்கு. அந்த நியாயத்துக்குக் காசு கட்டினது யாரு? நான்." அதன்பின் தோட்டம் வரும்வரை வாய் திறக்கவில்லை.

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தொழிலாளியின் செலவில் நடுத்தர வகுப்பார் தருமம் செய்வது இந்நாட்டில் புதிதன்று. ஆயினும் எதிர்த்தட்டில் இருந்தவர் முதலாளியல்லர், கடன்பட்ட கைம்பெண். அவருடைய விலை எங்கிருந்து வந்தது? சந்தையிலிருந்து வரவில்லை, ஆவி, சாந்தி, தோஷம் என்னும் மூட வார்த்தைகளிலிருந்து வந்தது. தாயின் மூடநம்பிக்கையைத் துணிந்து மறுத்தவன், அதே மூடநம்பிக்கை வேறொரு வீட்டில் குறைத்துவைத்த விலையை இலாபமாகப் பெறுவதா? பகுத்தறிவு நமக்கு வரும்போது ஆயுதமாகவும், பிறருக்கு வேண்டும்போது ரகசியமாகவும் இருக்குமானால், அதற்கும் அந்தப் பெரியவரின் சாஸ்திரத்துக்கும் வேற்றுமை என்ன? இதை அவனிடம் சொன்னோமா என்றால் சொல்லவில்லை. பசித்தவனிடம் சொல்லத்தக்க வாதமன்று அது.

உலகத்தின் மறுபுறத்தில் இதே மரணம் வேறுவிதமாக வேலை செய்கிறது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1962-இல் வாங்கிய கிப்சன் ஜே-160இ, மேலே நாம் சொன்ன அதே வகைக் கருவி, 1963-இன் இறுதியில் லண்டனில் காணாமற்போயிற்று. சில ஆண்டுகளுக்குப்பின் கலிபோர்னியாவில் ஒருவர் அதைப் பழைய கிட்டாராகச் சொற்ப விலைக்கு வாங்கினார். அது யாருடையதென்று அறியாமலே நாற்பதாண்டுக்கு மேல் வைத்து வாசித்தார். பின்னர் தொடர் எண்ணைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்தபோது, பழைய படங்களில் தெரிந்த மர ரேகைகள் மனிதனின் கைரேகைபோல் அதனோடு ஒத்திருந்தன. 2015-இல் அது ஏலத்தில் 24 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று; அத்தொகையில் ஒரு பகுதி லெனன் தம்பதியர் நிறுவிய அறநிலையத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. கர்ட் கோபேன் 1993 நவம்பரில் நியூயார்க்கில் வாசித்த, 1959-இல் செய்த மார்ட்டின் டி-18இ, 2020 ஜூனில் 60 இலட்சம் டாலரைத் தாண்டியது. அவ்வாறு மின்கருவி பதித்த டி-18இ சுமார் முந்நூறே செய்யப்பட்டன. செய்த காலத்தில் அதைக் கேட்பாரில்லை.

அங்கே செத்தவர் கை பட்டதனால் விலை ஏறுகிறது; கிள்ளானில் செத்தவர் கை பட்டதனால் விலை இறங்குகிறது. இரண்டிடத்திலும் கிட்டார் என்னவோ கிட்டாராகவே இருக்கிறது. அமெரிக்காவில் நடப்பதை நாம் பகுத்தறிவென்று சொல்ல மாட்டோம். கோடீசுவரரின் தோஷ சாஸ்திரம் அது. எனினும் அங்கே வைத்திருந்தவருக்கு உண்மையைச் சொல்ல நிபுணர் இருந்தனர். கிள்ளானில் ஓர் அம்மையாருக்கு அதைச் சொல்ல, உறவிலும் அக்கம்பக்கத்திலும், நான்கு மாதத்தில் ஒருவரும் வாய்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மையாரிடமிருந்து செய்தி வந்தது: கிட்டாரை ஆயிரத்தெண்ணூறு வெள்ளிக்குச் சுபாங் ஜெயாவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் வாங்கிக்கொண்டார், போகுமுன் அவர் வீட்டிலேயே ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போனார்.

தம்பி, தைப்பொங்கலுக்கு முன்பாக ஷா ஆலமில் கல்லூரி மாணவன் ஒருவனிடம் யமஹா கிட்டாரொன்றை ஐந்நூற்றைம்பதுக்கு வாங்கினான். நம்மை அழைக்கவில்லை, ஆயினும் வாங்கிய மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, வெளியே போய்விட்டான். பார்த்தோம். ஒட்டுப்பலகை முகம். கழுத்து நேர். ஒரு திருகு கரகரத்தது, அதைத் துடைத்துவைத்தோம். ஒட்டுப்பலகையை இழிவாய்ப் பேசுகிறவர் மண்டபத்தில் வாசித்தறியாதவர். ஒலிபெருக்கியின் எதிரே நிற்கும்போது ஒரே பலகை எளிதில் ஊளையிடும். ஒட்டுப்பலகை சற்று அடக்கமாயிருக்கும். கிப்சன் கம்பெனியாரே தங்கள் ஜே-160இ-க்கு ஒட்டுப்பலகை முகம் வைத்தது இதனால்தான். இதை ஒரு தாளில் எழுதி அவன் கிட்டார்ப் பெட்டிக்குள் வைத்தோம்.

அதன்பின் ஒரு சனிக்கிழமை மாலை, முன்பணக் கணக்கில் கையெழுத்திட வந்தவன், பேனாவைக் கீழே வைத்தவாறே, "அண்ணே, அந்தத் தகமினே வித்துப்போச்சா?" என்று கேட்டான். விற்றுவிட்டதென்றோம். எவ்வளவுக்கென்று கேட்டான். சொன்னோம். தலையை ஆட்டிக்கொண்டு, ஏதோ கணக்குப் போடுகிறவன்போல் சற்று நின்றான். அன்றிரவு பத்தாங்கட்டையில் கலியாணம் என்றும், ஒன்பது வோல்ட் பாட்டரி கைவசம் இருக்கிறதா என்றும் கேட்டான். இழுப்பறையில் ஒன்றிருந்தது, எடுத்துக் கொடுத்தோம்.